என் அண்ணனின் எலும்பும் என் மதினியும்

எங்கள் ஊர் பொமுச்சில் பொறாமைக்குப் பேர்போனவள் என் மதினி கசில்டா. அவளுக்கு அடுத்த இடம் பஸ்குவாலாவுக்கு, அதாவது எனக்கு, என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். நான்தான் முதல். அவள் வயிற்றெரிச்சலை வாய்விட்டுக் கொட்டிவிடுவாள். நான் உள்ளே பூட்டி வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிச் சிரிப்பேன். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனாலும் இது அவளுடைய கதை. என்னை விட்டுவிட்டு அவள் கதையைச் சொல்ல முடியாததால் நானும் இதில் வருகிறேன்.

கசில்டா பக்கத்து ஊர் தெனாபோவில் சோளம் விதைக்கிற வீட்டில் பிறந்தவள். பதினெட்டு வயதில் என் அண்ணன் பவுலினோவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள்தான். அண்ணன் பெண்டாட்டி என்பதால் வந்த நாளிலிருந்து மதினி என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. அதிலேயே எனக்குப் பாதி எரிச்சல்.

அண்ணன் மூன்று சக்கர வண்டியில் ரொட்டி விற்றான். எங்கள் ஊர் ரொட்டிக்குச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கிராக்கி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டியை நிறுத்தி, ரொட்டியோடு இரண்டு வார்த்தை சேர்த்துக் கொடுப்பான். கிழவியாக இருந்தாலும் "ராணி" என்பான். அந்த இரண்டு வார்த்தைதான் கசில்டாவின் உயிரை எடுத்தது. சாயங்காலம் அவன் திரும்பி வந்ததும் சட்டையைக் கழற்றச் சொல்லி மோந்து பார்ப்பாள். ரொட்டி வாசனை மட்டும் வந்தால், "வழியில எங்கயோ சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வந்திருக்கார்" என்பாள். சோப்பு வாசனை வந்தால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலைக் கேட்டு அவன் தலையாட்டினான் என்று ரேடியோவைத் தூக்கிக் கோழிக்கூண்டில் வைத்துவிட்டாள்.

நான் கல்யாணமாகித் தனி வீடு போன பிறகும், அண்ணனை வேவு பார்க்க என்னைத்தான் அனுப்புவாள். நானும் வண்டியில் தொற்றிக்கொண்டு போவேன், வந்து கதை சொல்வேன். எல்லாம் நல்ல கதைகள். அண்ணன் நிஜமாகவே ஒருமுறை எக்கெல்சகான் ஊர்த் திருவிழாவில் ஒரு பச்சைப் பாவாடைக்காரியோடு விடிய விடிய ஆடினான். நான் மதினியிடம், "அவனுக்கு வயித்துப்போக்கு மதினி, எங்க வீட்டுலதான் படுத்திருந்தான்" என்று சொன்னேன். அவனுக்காகத்தான் சொன்னேன் என்றால் அது முழு உண்மை இல்லை. எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருப்பதும், அது அவளுக்குத் தெரியாமல் இருப்பதும், சர்க்கரை தின்ற மாதிரி எனக்கு இனித்தது. அந்தப் பொய் பின்னால் வெளுத்துவிட்டது. பச்சைப் பாவாடைக்காரியின் சித்தியே வந்து சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நான் வெயிலடிக்கிறது என்று சொன்னாலும் மதினி வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்த பிறகுதான் நம்புவாள்.

ஐம்பத்திரண்டு வயதில், வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோதே அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. மூன்று வருஷம் மண்ணுக்குள் இருந்தான். பிறகு, எலும்பைப் பெட்டியில் போட்டுக் கல்லறைத் தோட்டத்து மாடத்தில் வைக்கிற எங்கள் வழக்கப்படி, வெளியே எடுத்தோம்.

அன்றுதான் எங்கள் சண்டை முறையாக ஆரம்பமானது. கல்லறைத் தோட்டத்துக் காவலாளி வெனான்சியோ ஒவ்வொரு எலும்பாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். மண்டையோடு வந்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் முடிகூட ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டினேன். பட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள் கசில்டா.

"என் புருஷன் எலும்ப நான் பாத்துக்கிடுவேன். நீ தள்ளு."

"என் அண்ணன் மதினி. எங்க அம்மா வயித்துல உருவான எலும்பு. நீங்க இவனப் பாக்கறதுக்கு இருபத்தஞ்சு வருஷம் முன்னாடியே உருவானது."

"அப்ப ஒங்க அம்மா வந்து தொடைக்கட்டும்."

"சதை இருந்த வரைக்கும் உங்களுக்குன்னு வச்சுக்கங்க. அதான் இப்ப இல்லையே. எலும்பு எங்க வீட்டுது."

வெனான்சியோ கையில் முழங்கால் எலும்போடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, இத யார்கிட்ட குடுக்கணும்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க. எனக்கு இடுப்பு வலிக்குது" என்றார். கசில்டா பிடுங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவள்தான். ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும், செத்தவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிற நாளுக்கு முன்பு, ஊரே தூரிகையும் துணியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பெட்டியை இறக்குவோம். எலும்புகளை எடுத்துத் தூசி தட்டித் துடைப்போம். பழைய துணியை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூத்தையல் போட்ட துணியை விரிப்போம். அழுக்குத் துணியோடு யாராவது விருந்துக்கு வருவார்களா? கசில்டா இருபத்தெட்டாம் தேதி காலையில் வருவாள். நான் மூன்றடி தள்ளி நிற்கலாம். பூ கொடுக்கலாம், மெழுகுவத்தி கொடுக்கலாம். எலும்பின் மேல் என் விரல் படக்கூடாது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறொன்று. பெட்டியை நாங்கள் மூடுவதில்லை. மூடி கொஞ்சம் விலகியிருக்கும், மண்டையோடு வெளியே பார்த்தபடி இருக்கும். வெளிச்சம் வேண்டும், வருகிறவர் போகிறவர் முகம் தெரிய வேண்டும். ஊரில் அத்தனை பேரும் அப்படித்தான் இருக்கிறார்கள். கசில்டா மட்டும் என் அண்ணனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். பாதையில் பொம்பளைகள் போவார்களாம்.

"மதினி, செத்து ஒம்பது வருஷம் ஆச்சு அவனுக்கு."

"கண்ணுதான் போச்சு. புத்தி போயிருக்கும்னு என்ன நிச்சயம்?"

ஒன்பதாவது வருஷம் ஆத்மாக்கள் திருநாளன்று அவள் வீட்டுச் சாப்பாட்டுப் படையல் முன்னால், எங்கள் சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தபோது சொன்னாள்: "அவருக்கு என் கை மட்டும்தான் ஒத்துக்கிடும். வேற யார் தொட்டாலும் முகம் கோணிக்கிடுவார்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சோள அடையை மென்றுகொண்டே சிரித்தேன். உள்ளே நெருப்பை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. என்னைச் சுமந்து குளத்துக்குக் கூட்டிப்போன முதுகு அது. எனக்கு சின்னம்மை வந்தபோது பக்கத்தில் படுத்துக்கொண்டு தானும் வாங்கிக்கொண்டவன் அவன். என் கை பட்டால் முகம் கோணுவானா?

அடுத்த அக்டோபரில் இருபத்தாறாம் தேதி காலையிலேயே நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். தலையில் சால்வையை இழுத்துப் போட்டிருந்தேன். எனக்குத் தையல் வராது. பொத்தான் தைத்தாலே சட்டை சுருங்கிவிடும். அதனால் ஒரு சந்தையில், பேர் தெரியாத ஒருத்தியிடம், ஓரமெல்லாம் நீலப்பூ போட்ட துணியை வாங்கி வைத்திருந்தேன். பெட்டியை இறக்கினேன். முதலில் கால் எலும்புகள், பிறகு இடுப்பு, விலா, விரல்கள். ஒவ்வொன்றையும் மடியில் வைத்துத் துடைத்தேன். பேசினேன், அழுதேன், மதினியைப் பற்றிக் கோள் சொன்னேன். மண்டையோட்டைக் கடைசியாகத் துடைத்து மேலே வைத்து, பாதையைப் பார்த்தபடி திருப்பினேன். பழைய துணியைக் கொளுத்தினேன். அன்று காலை முழுக்க எனக்கு இருந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் அனுபவித்ததில்லை.

அவள் பார்த்துக் கொதிக்க வேண்டும், யார் வேலை என்று உடனே தெரிந்துகொள்ள வேண்டும், வந்து என்னோடு மல்லுக்கட்ட வேண்டும், நானும் ஒரு கை பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

இருபத்தெட்டாம் தேதி நானும் கூடவே போனேன். பெட்டியைப் பார்த்ததும் கசில்டா அப்படியே நின்றாள். புதுத் துணி. நீலப்பூ. வழவழவென்று துடைத்த எலும்பு. பாதையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் மண்டையோடு. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவனைத்தான் பார்த்தாள். இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் "நீங்க" என்ற சொல்லைத் தாண்டாதவள், "யோவ்" என்றாள்.

"யோவ்! யாருய்யா அவ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பொரியத் தொடங்கிவிட்டாள்.

"எலும்பாயும் அடங்கலியா நீ? ரொட்டி விக்கப் போனேன், ரொட்டி விக்கப் போனேன்னு... பச்சப் பாவாடதானே? சொல்லு! வந்து ஒன்ன மடியில வச்சுத் தொடச்சுட்டுப் போயிருக்கா, நீயும் பல்ல இளிச்சுக்கிட்டு வழியப் பாத்துக்கிட்டு கெடக்கே!"

வெனான்சியோ ஓடி வந்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. விசாரித்ததற்கு, "முந்தாநாள் ஒரு பொம்பள வந்தா. சால்வ போத்தியிருந்தா. அழுதுக்கிட்டே ரொம்ப நேரம் ரகசியம் பேசிக்கிட்டு இருந்தா. நமக்கு எதுக்கு வம்புன்னு நான் அந்தப் பக்கம் சுண்ணாம்பு அடிக்கப் போயிட்டேன்" என்றார்.

கசில்டா கொண்டுவந்த துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "இனி அவளே பாத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வீட்டுக்குப் போய் அண்ணன் படத்தைப் படையல் மேசையிலிருந்து இறக்கித் தலைகீழாக வைத்துவிட்டாள். அந்த வருஷம் அவள் தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படைத்தாள். என் அண்ணனுக்குத் தட்டு வைக்கவில்லை.

அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் என் வீட்டில் அவனுக்குத் தட்டு வைத்தேன், அவனுக்குப் பிடித்த மிளகாய் ரொட்டியும் வைத்தேன். ஆனால் செத்தவர்கள் தங்கள் வீட்டுக்குத்தான் போவார்கள். அவன் போயிருப்பான். தன் வாசலில் நின்று, தனக்குத் தட்டு இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பான். செய்யாத தப்புக்கு. நான் செய்த தப்புக்கு.

மறுநாளே போய்ச் சொல்லிவிட்டேன்.

"மதினி, அது நான்தான். நான்தான் தொடச்சேன்."

கசில்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"செத்த பின்னாடியும் அவருக்குப் பரிஞ்சுக்கிட்டு வாறியா? வயித்துப்போக்குன்னு சொன்னவதானே நீ."

"சத்தியமா நான்தான். அந்த நீலப்பூத் துணிகூட நான்தான்..."

"நீயா? நீ தச்சியா? ஒனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா?"

"வாங்கினேன் மதினி. சந்தையில."

"யார்கிட்ட?"

"பேர் தெரியாது."

"தெரியாதுல்ல? சரி, வா."

என் கையைப் பிடித்துத் தரதரவென்று வெனான்சியோவிடம் இழுத்துக்கொண்டு போனாள். "நல்லாப் பாத்துச் சொல்லும். அன்னிக்கு வந்தவ இவதானா?" என்று கேட்டாள். வெனான்சியோ கண்ணைச் சுருக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த ஊரில் நாற்பது வருஷமாக என்னைத் தெரிந்த மனிதர்.

"சே சே! அவ ஒல்லியா இருந்தா. பாக்கவும் லட்சணமா இருந்தா" என்றார்.

அந்த நிமிஷத்தில் அந்த ஒல்லியான லட்சணக்காரி மேல் எனக்கே பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. கசில்டா என் கையை விட்டாள். கோபப்படக்கூட இல்லை.

"பாத்தியா? ஒங்க அண்ணன் உயிரோட இருக்கும்போது நீ பொய் சொன்னது தப்பில்ல. இப்ப யாருக்காகச் சொல்ற? போ, போய் வேலையப் பாரு."

ஒரு வருஷம் போனது. அவள் அவன் பேரை எடுக்கவில்லை. கல்லறைத் தோட்டப் பக்கமே போகவில்லை. அண்ணன் எனக்கே எனக்கு என்று ஆகிவிட்டான். நான் ஆசைப்பட்டது அதுதானே? ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. கோள் சொல்ல மதினி இல்லை, பறித்துவிடுவாளோ என்ற பயமும் இல்லை. அவன் பாட்டுக்குப் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பான். தன் பெண்டாட்டியைத்தான் எதிர்பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாதா? நான் வந்து நின்றாலும் என் தோளுக்குப் பின்னால் பார்க்கிற பார்வை அது. அதற்கும் நான் எரிந்தேன்.

அக்டோபர் வந்தது. இந்த முறை துணி வாங்க காம்பெச்சே நகரத்துக்கே போனேன். மஞ்சள் பூ, நடுவில் அவன் பேர். இருபத்தொன்பதாம் தேதி காலையில் துணியும் தூரிகையும் பையில் இருக்க, கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட்டேன். வழியில்தான் மதினி வீடு. அவள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெருக்குவதை நிறுத்தவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே கேட்டாள்.

"அந்தப் பக்கமா போற?"

"ஆமா மதினி."

"நேத்தும் போயிருப்பியே?"

"போனேன்."

பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள்.

"இந்த வருஷம் என்ன பூ போட்டிருக்கா?"

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஒரு வருஷமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது. பையை இறுக்கிப் பிடித்தேன். அதற்குள் மஞ்சள் பூ. நான் என்ன பதில் சொன்னாலும் அவன் யாருக்கு என்பது இந்த இடத்தில் முடிவாகிவிடும் என்று எனக்குப் புரிந்தது. சொல்லிவிடலாம், மஞ்சள் பூ என்று. அவள் செத்தாலும் அந்தப் பக்கம் வரமாட்டாள்.

"யாரும் வரல மதினி" என்றேன். "அதே நீலப்பூத் துணியிலதான் கெடக்கான். தூசி ஒரு விரக்கடை. எலிப்புழுக்கைகூடக் கெடக்கு."

கசில்டா நிமிர்ந்தாள்.

"வரலியா?"

"வரல."

"ஒரு வருஷம்! ஒரே வருஷத்துல சலிச்சுப் போச்சா அவளுக்கு? இதுக்குத்தான் அப்படி வழிய வழிய அழுதாளாக்கும்!" துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். துணிப்பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வரும்போது தலை சீவி, நல்ல உடை உடுத்தி, கையில் துணியோடு வந்தாள். ஓரம் முழுக்கச் சிவப்பு ரோஜா, இலை இலையாகப் பச்சை, நடுவில் அவன் பேர். தையல் தெரியாத எனக்கே தெரியும், நாலைந்து மாதம் கண் வலிக்க உட்கார்ந்தால்தான் அந்த வேலை வரும். அவனை வாயாரத் திட்டிக்கொண்டே தைத்திருக்கிறாள். அந்தத் துணியைப் பார்த்தபோது என் வயிறு எரிந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. நான் கடையில் வாங்கினவள்தானே.

கல்லறைத் தோட்டத்தில் ஊரே பார்க்க அவனை இறக்கினாள். "பாரும், நல்லாப் பாரும் ஒம்ம கோலத்த! எங்க போனா ஒம்ம சிநேகிதி? எலிகூட வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கு, அவ வரல" என்று ஏசிக்கொண்டே ஒவ்வொரு எலும்பாக ஊதி ஊதித் துடைத்தாள். ஏச்சு நீள நீள அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. விலா எலும்புகளுக்கு வந்தபோது பாட ஆரம்பித்துவிட்டாள். நான் மூன்றடி தள்ளி நின்றேன்.

நீலப்பூத் துணியை உருவி என் மேல் வீசினாள். "இந்தா, அந்தச் சனியனோட துணிய எங்கயாவது கொண்டு போய்க் கொளுத்து." மதிலோரம் போய் நானே கொளுத்தினேன். பூ வேலைப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது அவள் மண்டையோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒட்டியிருந்த முடியை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஏச்சும் பாட்டும் நின்றுபோயிருந்தன. என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"பஸ்குவாலா, ஒரு தடவையாவது என்கிட்ட நெசத்தச் சொல்லு. அவளுக்கு இவர் மேல என்னைவிடப் பாசம் இருந்திருக்குமா?"

அவள் மடியில் என் அண்ணன். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். பைக்குள் மஞ்சள் பூத் துணி மடித்தபடி இருந்தது.

"இருக்காது மதினி" என்றேன். "இருந்திருந்தா இந்த வருசமும் வந்திருப்பா."